ஐஸ் பெட்டியின் வால்

புரட்டாசி 22, வெள்ளி

காலையில் தூறல். ஆஸ்பத்திரி வாசல் பெருக்கியாச்சு. நேற்று ஆயுதபூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று இரண்டையும் ஆடு தின்றுவிட்டது. பக்தியுள்ள ஆடு.

டாக்டரின் ஐஸ் பெட்டி நேற்றிலிருந்து ஓயாமல் உறுமுகிறது. வழக்கமாகக் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் சும்மா இருக்கும், என்னைப்போல. முனியம்மாவிடம் சொன்னேன்.

"பூசைக்குச் சந்தனம் குங்குமம் நாந்தான் வெச்சேன். சாமி சந்தோசமா ஓடுது. உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?"

கட்டிய புருஷனைவிட அந்தப் பெட்டிமேல் பிரியம். அவளுடைய சக்கரை வியாதிக்கான ஊசிமருந்து அதற்குள். தினம் ஒரு ஊசி. மருந்து குளிர்ச்சியாக இருக்கணும், உறையக்கூடாது.

வெற்றிலை தீர்ந்தது.

23, சனி

வெயில். ஊசி போட வந்த டாக்டர் பெட்டியைத் திறந்து "ஐயோ" என்றார். மருந்து பாட்டில்கள் கல். உறைந்தது உருகினாலும் உதவாதாம். அடித்தட்டில் இருந்த ஒன்று மட்டும் தண்ணீராக.

"பெரியவரே, இது தீர்றதுக்குள்ள பட்டணத்துலேருந்து பார்சல் வரணும். சண்டைக் காலம். இதுவும் கெட்டா உங்க சம்சாரத்துக்கு..."

எனக்குக் கேலி வரவில்லை. அந்த ஒன்றை ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானைமேல் வைத்தோம். முனியம்மாவிடம் நான் சொல்லவில்லை.

24, ஞாயிறு

சேலத்து மெக்கானிக் வரமாட்டான். பெட்ரோல் இல்லையாம். பெட்டியோடு வந்த புஸ்தகத்தை டாக்டர் பிரித்தார். டார்ச் பிடித்தது நான்.

முதலில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் குறைத்தார். ஓட்டம் நிற்கவில்லை. குமிழிலிருந்து ஒரு செப்புக்குழாய், எலிவால் கனம், உள்ளே அந்தரத்தில் தொங்கியது.

"இதுக்குள்ள வாயு இருக்கு. நல்லா சில்லுனா சுருங்கும், மோட்டார் நிக்கும். சூடானா விரியும், ஓடும். தெர்மோஸ்டாட்னு பேரு."

"எங்க வூட்டுல அது முனியம்மாங்க. அவ மொறைச்சா நான் நிப்பேன்."

குழாய் நுனியை உப்பு கலந்த ஐஸ் டம்ளரில் விட்டார். டொக். உறுமல் நின்றது. நுனியை என் உள்ளங்கையில் மூடிப் பிடித்தேன். டொக். ஓடியது. மறுபடி டம்ளர், மறுபடி கை. நல்ல விளையாட்டு.

"போதும் விடுங்க. கருவி நல்லாத்தான் இருக்கு. நுனி அந்த ஐஸ் அறை ஓரத்துல கிளிப்புல இருக்கணும். யாரோ உருவிட்டாங்க. வெறும் காத்துல தொங்கினா, இன்னும் சூடுதான்னு மோட்டாரை ஓட்டிக்கிட்டே இருக்கும். யாரு வேலை இது?"

நுனியில் மிளகளவு சந்தனம், நடுவில் குங்குமம். டார்ச்சை வேறு பக்கம் திருப்பி, வேட்டி முனையால் துடைத்தேன்.

"எலிங்க."

"சாத்தின பெட்டிக்குள்ளயா?"

"படிச்ச எலிங்க."

டாக்டர் என் வேட்டியைப் பார்த்தார். நுனியைக் கிளிப்பில் மாட்டி, குமிழை நடுவில் வைத்தார். கொஞ்ச நேரம் ஓடி, நின்றது. அந்தச் சத்தமில்லாத நேரம் எவ்வளவு அழகு.

25, திங்கள்

பாட்டில் மறுபடி பெட்டிக்குள். உறையவில்லை. நாலு தடவை திறந்து பார்த்தேன். டாக்டர் திட்டினார்.

29, வெள்ளி

மழை. பார்சல் வந்தது. டாக்டர் சிரித்தார்.

முனியம்மா குளித்து, செவந்தி மாலையும் குங்குமச் சிமிழுமாகப் பெட்டிக்கு வந்தாள். குறுக்கே நின்றேன்.

"வழிய விடுங்க. வெள்ளிக்கெழமை."

"கதவுமேல பொட்டு வை. உள்ள எதுக்குக் கையை விடற?"

"வால் உள்ளதானே இருக்கு? அனுமாருக்கு வாலுக்குத்தானே பொட்டு வெப்பாங்க. அன்னிக்கு நுனி எட்டல, இழுத்து வெச்சேன்."

"அதை இழுத்தா உன் மருந்து கல்லாப் போயிடும் புள்ள."

முகம் வெளுத்துவிட்டது. "அப்ப... போன வாரம் மருந்து கெட்டுதுன்னு டாக்டரு சொன்னது..."

"அது எலி. டாக்டரே ஒத்துக்கிட்டாரு."

என் வேட்டி முனையில் போகாத குங்குமக் கறையைப் பார்த்தாள். பெட்டிக் கதவில் ஒரே ஒரு பொட்டு வைத்தாள், விரல் பட்டும் படாமலும். மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள். பிறகு என் கழுத்தில் போட்டாள்.

அரிக்கிறது. கழற்றவில்லை.