முதுகில் மூன்று எழுத்து

ஐப்பசி, செவ்வாய் இரவு.

எங்கள் பனியன் கம்பெனியில், ஆர்டர் கொடுத்த இத்தாலி பையரின் டி-சர்ட் இன்று செக்கிங்குக்கு வந்தது. அவர்கள் ஊரில் இறந்துபோன ஒரு கவிஞரின் நினைவுக்காம், நாவலும் எழுதியவர். முன்னால் அவர் முகம். முதுகில் பி, ஓ, ஐ என்று மூன்றே ஆங்கில எழுத்து. பாதியில் நின்ற நாவலில் அவர் கடைசியாக எழுதிய சொல் அது.

செக்கிங் மல்லிகா அக்கா ஒரு பீஸைத் தூக்கிக் காட்டினார். "ஏனுங்க மேடம், செத்தவரு முதுகுல போயி பொய்னு அடிச்சிருக்கறாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

பல்லடம் ரோட்டில் விபத்தில் இறப்பதற்குச் சற்று முன் என் வீட்டுக்காரர் எனக்கு அனுப்பிய மெசேஜும் அதே மூன்று எழுத்துதான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது அவர் பழக்கம். 'போய்க் கூப்புடறேன்' என்று தட்ட வந்து நின்றுவிட்டார் என்றே இருந்தேன். தூக்கம் வராத ராத்திரிகளில் 'பொய்' என்றும் படித்திருக்கிறேன்.

பையருக்கு மெயில் போட்டு அர்த்தம் கேட்டேன். இத்தாலியனில் 'பிறகு' என்று அர்த்தமாம், பதில் வந்தது.

என் வீட்டுக்காரரின் போன் விபத்தன்றைக்கே நொறுங்கிவிட்டது. தெரிந்தும், சற்றுமுன் அந்த மெசேஜுக்குக் கீழே 'பிறகு?' என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

இதை எழுதுவதற்குள் இரண்டு டிக் விழுந்துவிட்டது. அவர் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வருகிறது.