அம்மை இல்லை என்று சொன்ன அண்ணனுக்கு

என் வாயாடி அண்ணே,

உன் மருமகள் கயல் நலம். நீ போனபோது என் வயிற்றில் இருந்தவள், இப்போது ஆறாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். பரவையிலிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா மாத்திரை எழுதப் பேனாவை எடுத்தார். எனக்கு உன் குரல்தான் கேட்டது. "மேடம், எங்கண்ணனுக்கு வலிப்பு மாத்திரை தின்னு தோலே உரிஞ்சு போச்சு" என்றேன். எந்த மாத்திரை என்று கேட்டார். அந்தப் பெயர் எனக்கு மறக்குமா? அதைத்தான் எழுத இருந்தாராம்.

நினைவிருக்கிறதா? மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உனக்குக் காய்ச்சல், சிவந்த கண், உடம்பெல்லாம் கொப்புளம். வீட்டில் அம்மை என்று முடிவே கட்டிவிட்டார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பை நிறுத்தினார்கள், ஊசி கூடாது என்றார்கள். ஆனால் மறுபடி வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் அம்மா அந்த மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் உன் புண்ணான வாயில் ஊட்டினாள்.

நீதான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லையே. "இது ஆத்தா இல்ல தங்கச்சி, மாத்திரைதேன். நம்ம புள்ளைகளுக்கு வலிப்பு வந்தா டாக்டர்ட்ட இதச் சொல்லிப்புடு" என்றாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கைமீறிவிட்டது.

கயலுக்கு ரத்தம் எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். அந்த மாத்திரை தின்றால் தோலை உரியவைக்கும் மரபணு ஒன்று அவளுக்கு இருக்கிறது. இருப்பவர்கள் எல்லாருக்கும் அப்படி ஆகாதாம், ஆபத்துதான் அதிகமாம். டாக்டரம்மா வேறு மாத்திரை கொடுத்தார். பிள்ளை உன்னை மாதிரியே சேட்டை செய்துகொண்டு திரிகிறாள். உனக்கும் அது இருந்திருக்குமோ, அண்ணே?

அம்மாவிடம் சொல்லத்தான் பயந்தேன். உன்னை மாரியம்மன் அழைத்துக்கொண்டாள் என்றே இத்தனை வருஷமும் மனதைத் தேற்றிக்கொண்டவள். சொல்லி முடித்ததும் கேட்டாள்:

"அப்ப நாந்தேன் குடுத்தேனா?"

"அவன் நல்லா இருக்கணும்னுதேன குடுத்த. அவன் சொல்லிட்டுப் போனதாலதேன் இன்னைக்கு கயலு நல்லா இருக்கா" என்றேன். அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது கயலுக்கு மாத்திரை கொடுப்பது அம்மாதான். காலையில் ஜன்னல் பக்கம் நிறுத்தி, கொப்புளம் இருக்கிறதா என்று அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு உன் படத்தைப் பார்ப்பாள். அதன்பிறகுதான் மாத்திரை.

உன் வாய்க்கு நன்றி, அண்ணே. நானும் அந்தச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன். நம் சொந்தத்தில் யாருக்கு வலிப்பு வந்தாலும், மாத்திரைக்கு முன்னால் உன் கதை போய்ச் சேரும். அதற்கு நான் பொறுப்பு.

நீ சொன்னதைச் சொல்லிவிட்ட,
உன் தங்கச்சி