உப்புத் தண்ணீரில் ஊறாத மண்

யக்கா,

இன்று காலை மழை விட்டதும் ஈரக் கோணி வாசம் வந்தது. உன் வீட்டுப் பின்னாலிருந்துதான், வேறெங்கிருந்து வரும்? நம் குளத்தில் தண்ணீர் நிற்கிறது யக்கா! நிற்கிறது!

எண்ணூர்க் கடலை எதிரில் வைத்துக்கொண்டு முப்பது வருஷம் மீன் விற்றவள் நீ. ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு என் காதோடு சொன்னாய்: "எனக்கு நீச்சல் தெர்யாதுமே. வெளிய சொல்லிடாத, மானம் பூடும்." எனக்கும்தான் தெரியாது. பையன்கள் குதிக்கிற கடலில் நம் தெருப் பெண் பிள்ளைகளை யார் இறங்க விட்டார்கள்? வலை காயப்போடும் பின்பக்கத்து இடத்தில் குளம் வெட்டுவதென்று அன்றே முடிவு செய்துவிட்டாய். ஒரு ஓரத்தில் கோரையும் அல்லியும் வைத்தால் அவையே தண்ணீரைச் சுத்தமாக்கும், மருந்தே வேண்டாம் என்று எங்கோ கேட்டு வந்திருந்தாய்.

வெட்டியாயிற்று. மணல் பூமியில் தண்ணீர் நிற்க வேண்டுமே! நீலத் தார்ப்பாய் விரித்தோம். "வெள்ள நிவாரண முகாம் மாரி கீது" என்று நீயே சுருட்டி எறிந்தாய். பழைய பேனர் வாங்கி வந்தேன். விரித்தால் யாரோ ஒரு தலைவர் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். "இவன் மூஞ்சி மேல நான் குளிக்கணுமா? கொளம்னா கொளமா தெரியணும்மே!" ரப்பர் ஷீட்டோ நமக்குக் கட்டுப்படியாகாது.

மணலிப் பக்கம் பாலம் கட்டுகிற இடத்தில் பென்டோனைட் கலக்குவது என் வேலை. நனைந்தால் உப்பிச் சந்துபொந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும் களிமண் தூள் அது. கிழிந்த மூட்டைகளை மேஸ்திரி சல்லிசாகக் கொடுத்தார். கீழே கோணி, நடுவில் தூள், மேலே கோணி. வலை பின்னிய கையால் நீதான் தைத்தாய். மேலே மணல் பரப்பியதும் அசல் குளம்தான்! உன் வீட்டு போர் தண்ணீரை விட்டு நிரப்பினோம். விடிந்து பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. தெருவே சிரித்தது.

"சிரிச்சா சிரிக்கட்டும். மறுக்கா போடலாம்" என்றாய். அடுத்த வாரமே நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. உன்மேல் எனக்கு அப்படியொரு கோபம் யக்கா. அந்தக் காய்ந்த பள்ளத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனேன்.

போன ஆவணியில், வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தி கலக்கும் தொட்டியில் போர் தண்ணீரைத் திறந்துவிட்டாள். மேஸ்திரி கத்தினார்: "உப்புத் தண்ணில இது ஊறாதும்மா! பின்ன லாரில நல்ல தண்ணி எதுக்கு வருது?"

மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் வீட்டு போரிலும் வருவது அதே கடலோரத்து உப்புத் தண்ணீர்தானே! இத்தனை வருஷமும் லாரித் தண்ணீரில்தான் கலக்கினேன். ஏனென்று ஒரு தடவையாவது கேட்டேனா? மக்கு, மக்கு! நீ தைத்த தையலில் ஒரு குறையும் இல்லை யக்கா.

உன் மகள் புதுக் கோணி தைத்தாள். புதுத் தூள் போட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருந்தோம். முதல் மழையிலேயே தூள் ஆப்ப மாவாகப் பொங்கிவிட்டது. பெய்தது அத்தனையும் குளத்தில் தங்கியது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன், நட்டுவைத்த குச்சியில் தண்ணீர் இறங்கவே இல்லை. சிரித்த தெரு இப்போது பெண் பிள்ளைகளைத் துண்டோடு அனுப்புகிறது.

மூன்று வாரம் தண்ணீர் குடித்துப் பழகி, இன்று நானும் மல்லாந்து மிதந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், நைட்டியோடு! கரையில் நின்ற உன் பேத்தி கேட்டாள்: "ஆயாவுக்கு நல்லா நீச்சல் தெர்யுமா?"

"பின்ன? மீனு மாரி நீந்தும்" என்றேன்.

உன் மானம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது யக்கா.