காயாத உப்பு

மார்ச் 4

ஆய்வகத்தில் நாங்கள் செய்த புது உப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு நைட்ரஜன். ஒரே மூலக்கூறில் இவ்வளவு நைட்ரஜனை அடைத்தால் அது வெடிக்காமல் சும்மா இருக்காது. இது இருக்கிறது! எள்ளளவு உப்பின் மேல் முப்பது முறை சுத்தியலைப் போட்டோம். முப்பது முறையும் மௌனம். மோதும்போது நைட்ரஜனால் உப்பும் கார்களின் காற்றுப்பைக்கு வேறென்ன வேண்டும்?

அம்மா போனில்: "வெடிக்கலைன்னா நல்லதுதானேடா, ஏன் கத்தறே?"

"அதுக்குத்தாம்மா கத்தறேன்!"

மார்ச் 6

உப்பைப் பற்றிய கட்டுரையை இதழுக்கு அனுப்பியாயிற்று. எதிர்க் கட்டடத்தில் எரிதலை ஆராயும் பொறியாளர் சோதித்துப் பார்க்க உப்பில் கொஞ்சம் கேட்டார். ஒரு குப்பியில் போட்டு, 'அபாயம் குறைவு' என்று சீட்டு ஒட்டி நானே கொடுத்தேன்.

மார்ச் 9

என்னைவிட நாலு வருடம் மூத்த ஆய்வாளர் அக்கா — 'தணிக்கை' என்று பட்டப்பெயர் — என் குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"எத்தனை மணி நேரம் காயவெச்சே?"

"ரெண்டு."

"மழை பெஞ்ச அன்னிக்கா? எடை மாறாம நிக்கிற வரைக்கும் காயவெக்கணும்னு யாரும் சொல்லலையா, சொன்னது காதுல ஏறலையா?"

கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது. ஈரம் குடித்த உப்பு சுத்தியலுக்கு அடங்கித்தான் கிடக்கும். முதல் வருடப் பாடம் இது. பொறுமையில்லாத கழுதை நான்.

மார்ச் 10

முழுக்கக் காயவைத்துச் சோதித்தோம். நாலாவது அடியிலேயே — பட்! காதை மூடியிருந்தும் துள்ளினேன்.

அப்போ எதிர்க் கட்டடத்தில் இருக்கிறதே? அதுவும் இந்நேரம் அவருடைய உலர்த்தும் பெட்டியில் காய்ந்திருக்குமே? அய்யோ, சீட்டில என்ன எழுதினேன்! பொறியாளர் போன் எடுக்கல. ஓடினேன். பொறியாளர் கையில் இரும்புக் கரண்டி. குப்பியைத் திறக்கப் போகிறார்.

"சார், குப்பிய விட்டுட்டு மெதுவா இந்தப் பக்கம் வாங்க."

"அபாயம் குறைவுன்னு நீதானேப்பா எழுதினே?"

"தப்பா எழுதிட்டேன் சார்."

பாதுகாப்புப் பிரிவினர் வந்து எடுத்துப்போனார்கள். அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மதியம் நன்றாகப் பசித்தது. ஆச்சரியம்தான்.

ஏப்ரல் 2

தணிக்கை தன் குறிப்பேட்டை என் மேசையில் போட்டாள். "சரிபார்த்துக் கையெழுத்துப் போடு."

"நானா?"

"பின்னே, உங்கம்மாவா?"

ஒன்பது பக்கம். மத்தியானம் வரை படித்தேன். ஏழாம் பக்கத்தில் ஓர் எடை விட்டுப்போயிருந்தது. காட்டினேன். என்னைத் திட்டிக்கொண்டே போய் நிறுத்துப் பார்த்து எழுதினாள்.

அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.