ஆளில்லாத அறையில் ஓடும் டிவி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிட்டு, நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எந்தக் கம்பெனி டிவி நாள்பட உழைக்கும் என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன் சொல்கிறேன், கடையில் தெரியும் படத்தைப் பார்த்து மயங்காதே, அங்கே எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா, ஐந்து வருஷம் கழித்தும் உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரி. நீ எழுதிய இரண்டு கம்பெனியில் இரண்டாவதைத்தான் போன மாதம் நானும் வாங்கினேன். சத்தம் தெளிவு, எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் மறைக்கக் கூடாது.

செட்டின் அடியில் பொட்டு மாதிரி ஒரு சென்சார் இருக்கிறது. எதிரே ஆள் இல்லையென்றால் ஐந்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிட வேண்டும். முதல் நாள் காலை அதை ஓடவிட்டு முடிவெட்டப் போனேன், ஒரு மணி நேரம் கழித்து வந்தால் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. நம் கடையில் என்னோடு வேலை பார்த்தாரே கண்ணாடிக்காரர், அவர் செட்டைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் பார்த்தார், அங்கே ஐந்து நிமிஷத்தில் தவறாமல் அணைந்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டு இருவரும் வாசலில் நின்றோம். கால் மணி நேரமாகியும் உள்ளே சத்தம் நிற்கவில்லை. எட்டிப் பார்த்தால் காலி சோபா. சென்சாரின் வலது பாதியில் கறுப்பு டேப் ஒட்டினேன், அணைந்தது. எடுத்தேன், அணையவில்லை. ஏழு மாதம் முன்புவரை உன் அம்மா உட்கார்ந்த ஓரம் அந்தப் பக்கம்தான். கண்ணாடிக்காரர் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "செட்டுல குறை ஒண்ணும் இல்லண்ணே. ஆள் இருக்கு, அதான் ஓடுது." தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

நானும் பழகிக்கொண்டேன். வெளியே போகும்போது அவளுக்குப் பிடித்த சானலை வைத்துவிட்டுப் போவேன். போன வாரம் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் நான் திரும்பி வந்தபோது செட் அணைந்திருந்தது. அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துத்தான் முதல்முறையாகப் பயந்தேன் கண்ணு, செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். வெள்ளிக்கிழமை பழையபடி ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் நீ போன் செய்து, செவ்வாய் முதல் மூன்று நாள் கடும் காய்ச்சல், மாப்பிள்ளையும் ஊரில் இல்லை, இப்போது தேவலை என்றாய். பிறகு, "யாரோ நெத்தியில கை வெச்ச மாதிரியே இருந்துச்சுப்பா" என்றாய். நான் போனைக் காதில் வைத்தபடியே சோபாவின் அந்த ஓரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் சரியில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய்.

ஆகவே அதே கம்பெனியையே வாங்கு, நம்பலாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் வந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால் பயப்படாதே, மெக்கானிக்கைக் கூப்பிடாதே, எனக்கு ஒரு வார்த்தை சொல். எங்கே போனாளோ என்று நான் இங்கே தேட மாட்டேன்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரை வாங்க மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அப்பா