உடன்பிறந்தோர்: ஒருவர்

ஜூலை 7, திங்கள்
காலை ஆறரைக்கே 38 டிகிரி. காரை விட்டு இறங்கியதும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.

கேட்டில் பாஸ் வேலை செய்யவில்லை. கல்ஃபுக்கு வந்த நாள் முதல், பதினோரு வருஷமாக உள்ளே போய்வருகிற பிளாண்ட். தினமும் சலாம் சொல்லும் செக்யூரிட்டிக்காரர் முகத்தைப் பார்க்காமல் "பாஸ் மாஃபி" என்றார், பாஸ் இல்லையாம். பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே. நான் வெயிலில்.

பி.ஆர்.ஓ. முருகையாவுக்கு போன். கம்பெனியின் விசா, பாஸ் வேலையெல்லாம் அவர் கையில். புதுப்பிக்கப் போட்ட விண்ணப்பம் திரும்பிவிட்டதாம். காரணம் ஒரே வரி: உறவினர் குடியுரிமை.

அதாவது, டொரண்டோவில் இருக்கும் என் தம்பி பிரபு. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் என்று புதுப் படிவத்தில் ஒரு கட்டம். எழுதினேன்: தம்பி, இரட்டைக் குடியுரிமை, இந்தியா – கனடா.

நான் பார்ப்பது கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் பம்ப். அதற்கும் தம்பிக்கும் என்ன சம்பந்தம்?

வாங்க வேண்டியது: தோசை மாவு, மகள் மீனாவுக்கு கிராஃப் நோட்டு.

ஜூலை 8, செவ்வாய்
முருகையாவை நேரில் பார்த்தேன். தென்காசிக்காரர். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாதாம். தம்பியின் ஓ.சி.ஐ. கார்டு ஆயுள் விசா மாதிரி, அவ்வளவுதான். அது கைக்கு வந்த அன்று ஊருக்கே போன் போட்டு, எனக்கு ரெண்டு நாடு என்றான். நானும் நம்பித் தொலைத்தேன்.

சரி, என் தப்பு. திருத்தித் தருகிறேன் என்றேன். குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கும்மா திருத்திக்கிட்டு? தம்பியே இல்லன்னு போட்டுருங்க. எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க. கலாஸ், சோலி முடிஞ்சுது."

டிசைன் பிரிவில் ஒருத்தர். அமெரிக்காவில் இரண்டு அண்ணன்கள். யாரும் இல்லை என்று கட்டத்தில் கோடு போட்டார். மூன்றே நாளில் பாஸ். தம்பி உண்டு என்று எழுதியவள் கேட்டுக்கு வெளியே. வயிறு எரிகிறது.

என் கணவர் சரவணனும் கோடு போடு என்கிறார். அவருக்கு வேலை போய் நாலு மாதம். அவரும் மகளும் என் விசாவில். பாஸ் இல்லாமல் மாதக் கடைசி வரைதான் கம்பெனியில் வைத்திருப்பார்களாம். அப்புறம் மூன்று பேரும் ஊருக்கு. மீனா பத்தாவது.

ஜூலை 10, வியாழன்
வீட்டில்தான். வெளியே எங்கள் முவைலா ஏரியா முழுக்க தூசி. குழாயில் வெந்நீர். ஏ.சி. ஒழுகுகிறது.

திருத்திய படிவத்தோடு தம்பியின் பாஸ்போர்ட் நகல் வேண்டும். பிரபுவுக்கு மூன்று மெசேஜ். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

மீனா, போனிலிருந்து தலை தூக்காமல்: "மாமாவ டிலீட் பண்ணிடும்மா. சிம்பிள்."

ஜூலை 12, சனி
பிரபு பேசினான். நகல் தர முடியாதாம். சுற்றி வளைத்தான். கடைசியில் சொன்னான். போன வருஷம் கனடா அரசாங்க வேலையில் சேர்ந்தபோது அவனுக்கும் இதே மாதிரி பாதுகாப்புச் சோதனை. அங்கேயும் உறவினர் கட்டம்.

"உன்ன எழுதலக்கா. கல்ஃப்ல அக்கான்னு போட்டா ஆயிரம் கேள்வி வரும். கூடப் பொறந்தவங்க யாரும் இல்லன்னு போட்டுட்டேன். இப்ப என் பேப்பர் உன் ஃபைல்ல போனா நான் மாட்டிக்குவேன்."

ஒரு வருஷமாக நான் இல்லை. தீபாவளிக்கு வீடியோவில் பேசியபோதும் இல்லை.

அவன் கனடா போவதற்கான விண்ணப்பத்தை நிரப்பியதே நான். அதில் உடன்பிறந்தோர் கட்டத்தில் என் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

போனை வைத்துவிட்டேன். சமைக்கவில்லை. சரவணன் பரோட்டா வாங்கி வந்தார்.

ஜூலை 13, ஞாயிறு
நாளை காலை படிவம் தர வேண்டும். நானும் தம்பி இல்லை என்று போட்டால் இரண்டு நாட்டுக்கும் திருப்தி. அவனுக்கும் நிம்மதி.

நிரப்பிவிட்டேன்.
உடன்பிறந்தோர்: ஒருவர்.
பெயர்: சு. பிரபு.
குடியுரிமை: கனடா.
நகல்: தர மறுக்கிறார்.

சரவணன் இரண்டு தடவை படித்தார். "மீனா ஸ்கூல நெனச்சுப் பாத்தியா?"

பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். எங்களுக்கு ஒரே அப்பா, ஒரே இனிஷியல். அது ஒரு அரசாங்கத்துக்காவது தெரியட்டும்.