பைபர் வைத்து அடைத்த ஜன்னலை உடைக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
மோட்டார் சைக்கிள் சீட் செய்பவரின் மனைவிக்குத் தங்கை,
தெருக்கோடி வீடு,
டெய்லர் வீட்டுக்கு எதிரில்.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
நகர சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்கவும், வீட்டுக்குள் ரெசின் வேலை செய்வதைத் தடுக்கவும் எழுத்து மூலம் உத்தரவிடக் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தார் எங்கள் வீட்டுக் கதவில் ஒட்டிச் சென்ற உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை நேரில் சொல்லத் தங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை வந்தேன். மேசையில் இருந்தவர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எனக்கு வயது பதினேழு. அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவின் கணவரை மாமா என்று அழைப்பேன். தெருவில் அவருக்குப் பெயர் 'பைபர்'. எனக்குப் பெயர் 'ஊமைக்கோட்டான்'. அதைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை.

2. மாமா முன்பு சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்தார். சாலையை அகலப்படுத்தியபோது கொட்டகையை எடுத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள்தான், வேற இடம் பார்த்துடுவேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வேலையை வீட்டின் முன்னறைக்குக் கொண்டுவந்தார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

3. வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் நடந்தது தங்களுக்கு விளங்கும். பழைய சீட்டைக் கழற்றிவிட்டு வண்டியைப் பலகை போட்டு முன்னறைக்குள் ஏற்றுவோம். பெட்ரோல் டாங்க்கிலும் பின்பக்கத்திலும் டேப் ஒட்டி, மேலே அலுமினியத் தாள் போர்த்துவோம். ரெசின் என்கிற பிசின் நேராக இரும்பில் பிடித்துக்கொண்டால் பிரிக்க முடியாது. தாளின் மேல் மேட் எனப்படும் கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைப்போம். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி அதில் ஊறவிட்டு, காற்றுக் குமிழி நிற்காமல் ரோலர் உருட்டுவோம். காய்ந்ததும் அந்த வண்டிக்கு மட்டுமே பொருந்தும் கெட்டியான பைபர் ஓடு ஒன்று கிடைக்கும். அதன் மேல் ஸ்பாஞ்சு ஒட்டிச் செதுக்கி, ரெக்சின் போர்த்தினால் சீட். மேட் வெட்டுவதும் ரோலர் உருட்டுவதும் என் வேலை. ரெக்சின் தைப்பது அக்கா. ஒரு வாடிக்கையாளர் அளவு பார்க்கத் தன் வண்டியில் ஏறி ஏறி இறங்கிவிட்டு, "என் கல்யாணச் சட்டைக்குக்கூட இவ்வளவு அளவு எடுக்கலைங்க" என்றார். மாமாவின் வேலை அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

4. ஆனால் ரெசினின் வாடை மூக்கோடு போவதில்லை. தலையைப் பிடிக்கும். சோற்றில் ஏறும். தலையணையைத் துவைத்தாலும் போகாது. அக்கா முழுகாமல் இருந்த ஆரம்பத்தில், "வாடை ஒத்துக்குதா?" என்று நான் கேட்டதற்கு, "பைபர்காரனுக்கு வாக்கப்பட்டுட்டு நாத்தத்துக்கு அஞ்சினா ஆகுமா?" என்று சிரித்தாள். ஏழாம் மாதத்தில் இப்படிச் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

5. எதிர்வீட்டு டெய்லரின் மகனுக்கு இழுப்பு உண்டு. எங்கள் வாடை பட்டால் அவனுக்கு மூச்சு இரைக்கும். அவர் முதலில் மாமாவிடம் சொன்னார். பிறகு சண்டை போட்டார். "உன் சீட்டுல எவனோ சொகுசா உட்காரணும்னு என் பிள்ளை படுத்துக் கிடக்கணுமா?" என்று தெருவில் நின்று கேட்டார். அதன் பிறகுதான் தங்களுக்குப் புகார் கொடுத்தார். அவர் எழுதிக்கொடுத்ததில் பொய் ஒன்றும் இல்லை என்பதை இந்த வீட்டில் இருப்பவள் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேன்.

6. தங்கள் உத்தரவு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து துர்நாற்றம் தெருவுக்குள் வராதபடி உடனே ஏற்பாடு செய்ய வேண்டும், தவறினால் வீட்டைப் பூட்டி முத்திரை வைக்கப்படும் என்று அதில் இருந்தது. மாமா அதைப் பலமுறை படித்தார். அரசாங்கக் காகிதம் என்றால் அவருக்கு மிகவும் பயம். எங்கள் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறைகள். பின்சுவர் அடுத்த வீட்டின் சுவர். இருக்கும் ஒரு கதவும் ஒரு ஜன்னலும் தெருவைப் பார்த்தவை. கதவின் விளிம்பில் அவர் ரப்பர் ஒட்டினார். ஜன்னலை மூடி, துணி வைத்து, டேப் ஒட்டிப் பார்த்தார். வாடை கசிந்தது. பிறகு, தனக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே அதை அடைத்தார். கம்பியின் மேல் அட்டை வைத்து, அதன் மேல் மேட் போட்டு, சுவர் வரைக்கும் ரெசின் ஏற்றினோம். ரோலர் உருட்டியவள் நான்தான். ஒரு குமிழிகூட இல்லை என்று மாமா பாராட்டினார். மறுநாள் காலை அங்கே ஜன்னல் இல்லை, வழவழவென்று ஒரு சுவர்தான் இருந்தது.

7. தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். தெருவில் நின்று மூச்சை இழுத்தார். "இப்போ ஒண்ணும் வாடை இல்லையே, பரவாயில்லையே" என்றார். புகார் தீர்ந்ததாக எழுதிக்கொண்டார். உள்ளே வரவில்லை. அப்போது அக்கா பின்னறையில் ஈரத்துணியை முகத்தில் போட்டுப் படுத்திருந்தாள். உள்ளே வந்து பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

8. போன சனிக்கிழமை பிற்பகல் மாமா ஒரு பிளாஸ்டிக் மக் நிறைய ரெசின் கலந்தார். அந்த நேரம் பார்த்து, ஸ்பாஞ்சுக் கடையைச் சாத்தப்போகிறார்கள் என்று போன் வந்தது. "நான் வர்றதுக்குள்ள தடவி உருட்டிடு. கதவை மட்டும் திறந்துடாதே, ஊரே கூடிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பிரஷ்ஷை எடுக்கும்போது அக்கா பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். வாந்தி. மக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹார்டனர் கலந்த ரெசினை மெல்லியதாகப் பரப்பிவிட்டால் சாதுவாகக் காயும். ஒரே இடத்தில் குவிந்து நின்றால் தன் சூட்டிலேயே பொங்கிப் புகையும். நான் திரும்பி வந்தபோது மக் உருகிச் சாய்ந்திருந்தது. வெள்ளைப் புகை. அக்காவுக்குக் கண் செருகியது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். அதை அடைத்துவிட்டோம் என்பது எனக்கு நினைவே வரவில்லை, கைதான் கொக்கியைத் தேடியது. பிறகு சுத்தியால் அடித்தேன். வெள்ளையாகத் தழும்பு விழுந்தது. உடையவில்லை. நாங்கள் செய்கிற சீட்டில் இரண்டு பெரிய ஆட்கள் ஏறி நின்றாலும் உடையாது.

9. அக்காவைக் கைக்கடியில் பிடித்து, வண்டிக்கும் சுவருக்கும் இடையே இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். புகை என்னைத் தாண்டி வெளியே போனது. எதிரே டெய்லர் தன் மகனைத் தூக்கிக்கொண்டு, "கதவைச் சாத்துடி! என் பிள்ளை மூச்சு விடணுமா வேண்டாமா?" என்று கத்தினார்.

நான் சாத்தினேன், ஐயா.

யாராவது குரலை உயர்த்திச் சொன்னால் உடனே செய்துவிடுவது என் சுபாவம். அக்கா என் காலடியில் கிடந்தாள். கதவைச் சாத்தியதோடு தாழ்ப்பாளும் போட்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. கதவுக்கு மறுபக்கம் டெய்லரின் குரல் கேட்டது. "உள்ளே யாரு அப்படி இருமுறது? உன் அக்காவா? அடிப்பாவி, திற! திறடி!" என்று கதவை உதைத்தார். அதையும் சொன்னபடி செய்தேன். அவர்தான் அக்காவை வெளியே இழுத்து, தன் வீட்டு வாசற்படியில் சாய்த்து, தைத்துக்கொண்டிருந்த துணியாலேயே விசிறினார். ஆட்டோ பிடித்ததும் அவர்தான்.

10. இப்போது அக்கா மருத்துவமனையில் இருக்கிறாள். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு இருக்கிறது. ஆனால் மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை, அசைவும் குறைவு என்கிறார்கள். புகையால்தானா என்று மாமா கேட்டதற்கு, "அதை இப்போ உறுதியா சொல்ல முடியாது. இனிமே நல்ல காத்து வர்ற இடத்துல வைங்க" என்றார் டாக்டர். அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கை வயிற்றிலேயே இருக்கிறது. தூங்கும்போதும் எடுப்பதில்லை. ஏதாவது அசைந்தால் நர்சைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். அசையாத நேரத்தில் யாரோடும் பேசுவதில்லை.

11. வருகிற வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். படுக்கை வேண்டும் என்று வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை. ஜன்னல் இன்னும் அப்படியே இருக்கிறது. உடைத்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். நானாக அவரிடம் ஒன்று சொன்னது அதுதான் முதல் தடவை. "உடைச்சா வாடை தெருவுக்குப் போகும். போனா சீல் வைப்பாங்க. அப்புறம் உன் அக்காவை நடுத்தெருவுலயா படுக்க வைப்பேன்? ஆர்டர்ல என்ன போட்டிருக்கோ அதைத்தானே செஞ்சேன்?" என்று சொல்லிவிட்டு அழுதார். வேலையை நிறுத்திவிடுங்கள் என்றேன். "நிறுத்திட்டு? ஆஸ்பத்திரிச் செலவுக்கு உன் வாயைத் திறந்து பாட்டுப் பாடுவியா?" என்றார். அவர் கெட்ட மனிதர் அல்ல. முன்பணம் வாங்கிய வண்டி ஒன்று இன்னும் முன்னறையில் நிற்கிறது. இன்று காலை அதற்கு டேப் ஒட்டத் தொடங்கிவிட்டார்.

12. நான் சொன்னால் மாமா கேட்கமாட்டார். அக்கா சொன்னால் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். தங்கள் முத்திரைக்கு மட்டும்தான் பயப்படுவார். அதனால் கீழ்க்கண்டவற்றைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அ. ஜன்னலை உடைத்துத் திறந்தால் வீட்டுக்கு முத்திரை வைக்கப்படாது என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் மாமா நம்பமாட்டார்.

ஆ. வீட்டுக்குள் ரெசின் கலக்கக்கூடாது என்றும் உத்தரவிட வேண்டும். ஜன்னலை மட்டும் திறந்தால் அக்காவுக்கு வைத்த நஞ்சை டெய்லரின் மகனுக்கு வைத்ததாகிவிடும். இதனால் எங்கள் பிழைப்பு நிற்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால் கூரை இல்லாத காலி இடம் ஒன்று இருக்கிறது. பகலில் அங்கே வைத்து வேலை செய்ய அனுமதித்தால் பிழைத்துக்கொள்வோம். அனுமதிக்க வழி இல்லை என்றாலும், வீட்டுக்குள் வேண்டாம் என்ற உத்தரவைத் தயவுசெய்து போடுங்கள்.

இ. அடுத்த முறை பார்வையிட வருபவர் உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்த பிறகு எழுத வேண்டும்.

இந்த மனுவைப் பற்றி மாமாவுக்கும் அக்காவுக்கும் தெரியாது. டெய்லரிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். "இதை அன்னிக்கே உன் வாயால சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பேனாடி?" என்றார். கையெழுத்துப் போடட்டுமா என்றும் கேட்டார். அவர் கொடுத்த புகார் ஒன்று ஏற்கெனவே தங்களிடம் இருப்பதால் குழப்பம் வேண்டாம் என்று நான்தான் மறுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் தங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், அக்கா வந்து சேர்வதற்குள் அந்த ஜன்னலை நானே அறுத்து எடுத்துவிடுவேன். அறுக்கும் பிளேடு வீட்டில் இருக்கிறது. பைபரை அறுக்க எனக்குத் தெரியும். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதி இல்லாமல் ஒன்றைச் செய்யப்போகும்போது முன்பே தெரிவிப்பது மரியாதை என்று நினைத்து எழுதினேன். அதற்காகத் தங்கள் ஆட்கள் வந்தால் மாமாவைத் தேட வேண்டாம், நான் வாசலில் இருப்பேன். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல முயற்சி செய்வேன். கதவைச் சாத்தச் சொன்னால் மட்டும் சாத்தமாட்டேன்.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பைபர்காரர் வீட்டுப் பெண்

நாள்: மே 14, செவ்வாய்க்கிழமை
இடம்: மருத்துவமனை, பெண்கள் பிரிவு வராந்தா